'உனக்கென்ன குறைச்சல்?' என்கிறார்கள்

கேள்வி: எனக்கு 48 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒரு சந்துக்குள் சின்ன வீட்டில் இருந்தோம். கணவருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. நானும் தெருப் பெண்களோடு வாசலில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை மாட்டுவேன். போன வருடம் கன்னங்குறிச்சிப் பக்கம் சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்தோம். மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். பையன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். பெண்ணைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. ஆனால் நாலைந்து மாதமாக எதிலும் மனசு ஒட்டவில்லை. விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. சோறு இறங்கவில்லை. நெஞ்சை அடைப்பது போல இருக்கிறதென்று ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். இந்த வருடம் மாங்காய் வாங்கி வைத்தும் ஊறுகாய் போடவில்லை. அப்படியே அழுகிப்போய்விட்டது. கணவர் ஏற்காட்டுக்கு அழைத்துப்போனார். அன்றைக்கு நன்றாக இருந்தேன், மறுநாள் பழையபடிதான். ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை பார்க்கப் பழைய தெருவுக்குப் போனபோது எதிர்வீட்டு அக்கா சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வசதி வந்ததும் நான் மாறிவிட்டேன் என்று நினைக்கிறார்கள் போல. அதிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை. எல்லாரும் 'உனக்கென்ன குறைச்சல்' என்கிறார்கள். எனக்கும் அதுதான் தெரியவில்லை. சில நாள், காலையில் முழிப்பே வராமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றுகிறது. இது திமிரா, நோயா?

பெயர் வேண்டாம், சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

திமிர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் மனச்சோர்வு நோயின் அறிகுறிகள் நிறையவே இருக்கின்றன. கடிதத்தை மட்டும் வைத்து ஒருவருக்கு இன்ன நோய் என்று முடிவு கட்டக் கூடாது, நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் நேரில் போய்க் காட்டவேண்டிய நிலைமை இது என்பதைக் கடிதத்தை வைத்தே சொல்லலாம். இந்த வாரமே போங்கள்.

ஏன் இத்தனை அவசரம் என்றால், 'முழிப்பே வராமல் போயிருந்தால்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான். மனச்சோர்வில் பலருக்கும் வருகிற எண்ணம் அது. வந்ததற்காக வெட்கப்பட வேண்டாம், ஆனால் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் வேண்டாம். இன்று இரவே கணவரிடம் இந்த வரியை அப்படியே சொல்லுங்கள். அந்த எண்ணம் ஒரு படி முன்னே போய், 'ஏதாவது செய்துகொள்ளலாமா' என்று மாறினால், நாள் நட்சத்திரம் பார்க்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆள் துணை இல்லாத நேரமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். விடிகாலை மூன்று மணிக்கும் கூப்பிடலாம், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. சாகிற எண்ணம் உண்டா என்று வாய்விட்டுக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள். அப்படி ஆகாது. 'செத்துப்போயிடலாம்னு தோணுதா?' என்று நேராகக் கேட்பதால் யாருக்கும் அந்த நினைப்பு புதிதாக வருவதில்லை. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். குறையே இல்லாத வீட்டில் இது எப்படி வந்தது?

சந்தோஷம் குறைந்துபோனது, மனச்சோர்வு வந்தது, தனியாகிப்போனது என்று மூன்று சங்கதிகள் உங்கள் கடிதத்தில் பின்னிக் கிடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். அப்படித் தெரிந்ததால்தான் உங்கள் கணவர் ஏற்காட்டுக்கு வண்டியை எடுத்திருக்கிறார். தப்பில்லை, சேலத்துக்காரர்கள் மனசு சரியில்லை என்றால் மலைக்குத்தான் போவோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரியில் படகு விட்டு, பகோடா பாயிண்ட்டில் ஒரு போட்டோ எடுத்து, இறங்கும்போது மிளகும் காப்பித்தூளும் வாங்கி வருவோம். அன்றைய பொழுது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பயணத்தால் மூன்றில் ஒன்றுக்குத்தான் பலன், அதுவும் ஒரு நாளைக்கு.

சந்தோஷத்தை எடுத்துக்கொள்வோம். உங்களுக்குக் குழப்பமே அதில்தான். 'மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை எப்படி?' என்று கேட்டால் நீங்கள் சொல்லும் பதில் ஒன்று. 'நேற்று எத்தனை தடவை வாய்விட்டுச் சிரித்தீர்கள், எவ்வளவு நேரம் மனசு கனமாக இருந்தது?' என்று கேட்டால் வரும் பதில் வேறு. உளவியலில் இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்கிறோம். இந்தப் பிரிவினையை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் எட் டீனர் என்ற அமெரிக்க உளவியலாளர். 1984-இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதியவர். சொந்த வீடு, பிள்ளைகள் நிலைபெற்றது, கையில் காசு இருப்பது, இதெல்லாம் முதல் கேள்விக்கான பதிலை உயர்த்தும். ஸ்வீடனில் லாட்டரியில் பெருந்தொகை விழுந்தவர்களைப் பல வருடம் கழித்து விசாரித்த ஒரு பெரிய ஆய்வு 2020-இல் வந்தது. வாழ்க்கை மேல் இருந்த திருப்தி கூடியது கூடியபடியே நின்றிருந்தது. ஆனால் அன்றாடச் சந்தோஷத்திலும் மனநலத்திலும் தெரிந்த மாற்றம் அதைவிடச் சிறியது. இதற்கு வெகுகாலம் முன்னால், 1978-இல், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரி விழுந்த 22 பேரிடம் கேட்ட ஒரு சின்ன ஆய்வும் உண்டு. காலைச் சாப்பாடு, சிநேகிதரோடு பேச்சு, நல்ல ஜோக் ஒன்று கேட்பது போன்ற சில்லறைச் சமாசாரங்களில் கிடைக்கும் இன்பம் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. 22 பேர் என்பது ரொம்பக் குறைவான எண்ணிக்கை, அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

'உனக்கென்ன குறைச்சல்' என்று கேட்பவர்கள் முதல் கேள்வியைக் கேட்கிறார்கள். நீங்களும் நியாயமாக, 'ஒன்றும் இல்லை' என்கிறீர்கள். வலிப்பது இரண்டாவது கேள்வியில். அங்கே பெரிய சந்தோஷம் எவ்வளவு பெரியது என்பதைவிட, சின்னச் சின்னதாக எத்தனை தடவை வருகிறது என்பதுதான் கணக்கு. டீனரும் அவருடைய சகாக்களும் 1991-இல் சொன்னது இது. செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் கொலுசு வேலை நடக்கும் வாசல்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணும் விரலும் சலங்கையில் இருக்கும், வாய் சும்மா இருக்காது. ஒருத்தி தன் மாமியார் மாதிரியே பேசிக் காட்டுவாள். இன்னொருத்தி தட்டுவடை செட் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைப்பாள். பால்காரர், பூக்காரம்மா, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் என்று ஆளுக்கொரு பேச்சு. ஒரு பகலில் எத்தனை தடவை சிரித்தோம் என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை. புது வீட்டில் கிரானைட் தரை இருக்கிறது, மாடியில் மலைக் காட்சி இருக்கிறது. அந்தப் பேச்சு இல்லை. வீடு மாறியபோது வசதி கூடியது எல்லாருக்கும் தெரிந்தது. எது குறைந்தது என்று யாரும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை.

ஆனால் இது மட்டும்தான் பிரச்சினை என்றால் நான் உங்களை மருத்துவரிடம் போகச் சொல்ல மாட்டேன். அடுத்தது மனச்சோர்வு. மருத்துவர்கள் இதற்கு ஒன்பது அறிகுறிகளைப் பார்ப்பார்கள். மனசு கனத்துக் கிடப்பது, எதிலும் நாட்டமோ இன்பமோ இல்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். மற்றவை: பசியிலோ உடல் எடையிலோ மாற்றம், தூக்கம் கெடுவது, அசதி, உடம்பும் பேச்சும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வது, கவனம் நிற்காமல் போவது, சாவைப் பற்றிய நினைப்பு. மொத்தத்தில் குறைந்தது ஐந்து அறிகுறிகள், இரண்டு வாரமாவது, கிட்டத்தட்ட தினமும் இருந்து, அன்றாட வேலையையும் கெடுத்தால் அதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர். உங்கள் கடிதத்தில் நாட்டம் போனது இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, 'திமிரா' என்ற குற்ற உணர்ச்சி இருக்கிறது, கடைசியில் அந்த வரியும் இருக்கிறது. இரண்டு வாரம் எங்கே, நாலைந்து மாதம் எங்கே.

என்னைக் கேட்டால் இதில் ஈ.சி.ஜி.யைவிட மாங்காய்தான் பெரிய தகவல். வாங்கி வந்திருக்கிறீர்கள். அப்படியென்றால் போட வேண்டும் என்ற நினைப்பு இருந்திருக்கிறது, கடைக்குப் போகவும் முடிந்திருக்கிறது. கழுவித் துடைத்து, நறுக்கி, உப்புப் போட்டுக் கிளறி வைக்கிற இடத்தில் கை எழவில்லை. அப்புறம் தினமும் அந்தக் கூடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் 'இதுகூட முடியவில்லையே' என்று ஒரு குத்து. அழுகியதைத் தூக்கிப் போட்ட அன்று என்ன நினைத்திருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அது சோம்பேறித்தனம் இல்லை. ஒரு வேலையால் கிடைக்கப்போகும் திருப்தி முன்கூட்டியே மனசில் தெரிந்தால்தான் கை தானாகப் போகும். மனச்சோர்வு முதலில் பறிப்பது அதைத்தான்.

நெஞ்சடைப்பு பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் வாசலுக்கு வரும். நெஞ்சு அடைக்கிறது, வயிறு உப்புசம், தலை பாரம், கை கால் அசதி என்று. நெஞ்சு மருத்துவரிடமும் வயிற்று மருத்துவரிடமும் சுற்றிவிட்டு, எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்றதும், 'அப்போ ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. ஈ.சி.ஜி. எடுத்தது நல்லதுதான், இதயத்தைப் பார்க்காமல் விட்டிருக்கக் கூடாது. ஆனால் நார்மல் என்று வந்த பிறகு நெஞ்சடைப்பு பொய்யாகிவிடவில்லை, காரணம் வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். தைராய்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் இதே அசதியும் மந்தமும் வரும். 48 வயது என்பதால் மாதவிலக்கு நிற்கும் காலமாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. 'இந்த வயசில் எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான்' என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். வர்றதுதான் என்பதற்காகச் சிகிச்சை வேண்டாம் என்று ஆகாது.

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய் உள்ளவர்களில் 100-க்கு ஏறத்தாழ 85 பேர் சிகிச்சையே பெறவில்லை என்று தெரியவந்தது. அந்த 85 பேரில் எத்தனை பேரிடம் 'உனக்கென்ன குறைச்சல்' என்று கேட்டிருப்பார்களோ!

மூன்றாவது, தனிமை. கணவர் இருக்கிறார், போனில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பிறகென்ன தனிமை என்று நீங்களே எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். ஆள் கணக்கு வைத்துத் தனிமையை அளக்க முடியாது. கூட்டத்துக்கு நடுவிலும் வரும், தனியாக ஒரு வீட்டில் நிம்மதியாக இருப்பவருக்கு வராமலும் போகும். வேண்டிய அளவு நெருக்கம் கிடைக்கவில்லை என்று மனசுக்குப் படுகிறதே, அதுதான் தனிமை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இதையே வாழ்நாள் வேலையாக ஆராய்ந்த ஜான் கசியோப்போ, தனிமையைப் பசியோடு ஒப்பிடுவார். உடம்புக்குச் சோறு வேண்டும் என்று பசி சொல்வது போல, மனுஷருக்கு மனுஷர் வேண்டும் என்று இது சொல்கிறது. அது வரை நல்லதுதான். சிக்கல் என்னவென்றால், ரொம்ப நாள் நீடித்த தனிமை ஆளைச் சந்தேகக்காரராக்கிவிடும். யார் என்ன நினைக்கிறார்கள், யார் முகம் சுளித்தார்கள் என்று மனசு எப்போதும் காவல் இருக்கும். காவல் இருக்கிற மனசுக்கு எதைப் பார்த்தாலும் அவமதிப்பாகத் தெரியும்.

இப்போது எதிர்வீட்டு அக்காவைப் பாருங்கள். வண்டி வேடிக்கை அன்று குகை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாமி வேஷம் போட்டவர்களோடு வண்டிகள் வருகின்றன, தெரு கொள்ளாத கூட்டம், வீடு நிறைய விருந்தாளிகள், வருகிறவர்களுக்கெல்லாம் இலை போட வேண்டும். அந்த அக்கா உங்களிடம் சரியாகப் பேசவில்லை. அது நீங்கள் பார்த்தது. 'வசதி வந்ததும் மாறிவிட்டேன் என்று நினைக்கிறார்கள்' என்பது நீங்களாகச் சேர்த்தது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்து நின்றிருக்கலாம். 'போனவள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லையே' என்று அவருக்கு வருத்தமாகவும் இருந்திருக்கலாம். வருத்தம் இருந்தால் அதுகூட நல்ல செய்திதான், வேண்டாதவர்கள் மேல் யாருக்கும் வருத்தம் வராது. தனிமைக்கான சிகிச்சைகளை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து 2011-இல் கசியோப்போவின் குழுவே எழுதிய கட்டுரையில், ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு ஏற்படுத்துவதைவிட, இந்த மாதிரி 'நாமாகச் சேர்க்கிற' எண்ணத்தைத் திருத்துகிற சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம் என்று கண்டார்கள். உங்களுக்கு இரண்டுமே வேண்டும் என்பது என் கருத்து.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் 1938-இலிருந்து சில நூறு பேரின் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்து வருவதையும், முதுமையில் நலமாக இருந்தவர்களுக்கு உறவுகள் பலமாக இருந்ததையும் நீங்களே எங்காவது படித்திருக்கக் கூடும், இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில்கூட அது வருகிறது. உங்களுக்கு அதைவிடப் பொருத்தமானது லண்டனில் கேம்பர்வெல் என்ற பகுதியில் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் பெண்களிடம் நடத்தி 1978-இல் வெளியிட்ட ஆய்வு. வாழ்க்கையில் பெரிய மாற்றமோ இழப்போ வரும்போது, மனசு விட்டுப் பேச ஒரு ஆள் இருந்த பெண்களுக்கு மனச்சோர்வு குறைவாக வந்தது. அப்படி ஆள் இல்லாதவர்கள் எளிதில் விழுந்தார்கள். உங்கள் வாழ்க்கையில் மாற்றம் வந்த அதே நேரத்தில், பேச இருந்த ஆட்களும் போய்விட்டார்கள். பெண்ணின் கல்யாணமும் பையனின் வேலையும் பக்கத்தில் பக்கத்தில் நடந்திருந்தால் இன்னும் மோசம். முதலில் தனிமை வந்து அதன் மேல் மனச்சோர்வு ஏறியிருக்கும் என்பது என் ஊகம். இப்போது மனச்சோர்வு உங்களை வீட்டுக்குள் பிடித்து வைத்துத் தனிமையை வளர்க்கிறது.

என்ன செய்வது என்று பார்ப்போம். மருத்துவரைப் பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு பக்கம், 'மனசு சரியானதும் போகலாம்' என்று காத்திருப்பதை விட்டுவிடுங்கள். மனச்சோர்வில் ஆசை வந்து வேலை நடக்காது. சின்னதாக ஒரு வேலை நடந்தால், அதன் பின்னால் கொஞ்சமாக ஆசை வரும். இதை வைத்தே ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்து பார்த்து 2017-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கடுமையான மனச்சோர்வு இருந்த ஏறத்தாழ 500 பேர். பேசியவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர் ஆட்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அந்த உதவி கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு தணிந்திருந்தது, கிடைக்காதவர்களில் 39 சதவீதம். எதையும் பெரிதாகச் செய்யச் சொல்லவில்லை. முன்பு செய்துகொண்டிருந்து நின்றுபோன ஒன்றை, நாள் குறித்து, சின்ன அளவில், மறுபடி தொடங்கச் சொன்னார்கள்.

உங்களுக்கு அந்த ஒன்று என்ன என்று நான் தேடவே வேண்டியதில்லை, சலங்கை மாட்டுவதுதான். வருமானத்துக்காக இல்லை. வாரத்தில் இரண்டு நாள், சொல்லப்போனால் செவ்வாயும் வெள்ளியும், காலை பத்து மணிக்கு டவுன் பஸ் ஏறிப் பழைய சந்துக்குப் போய், பன்னிரண்டு மணி வரை அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்துவிட்டு வாருங்கள். மனசு இருந்தாலும் போங்கள், இல்லாவிட்டாலும் போங்கள். சும்மா பார்த்துவிட்டு வருவதற்காகப் போகாதீர்கள். விருந்தாளியாகப் போனால் காப்பி போட்டுக் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள், பேச்சும் நாற்காலிப் பேச்சாகவே இருக்கும். கையில் வேலை இருந்தால் முகத்தைப் பார்த்துப் பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மௌனமும் உறுத்தாது. போவதற்கு முன் மனசுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், திரும்பி வந்ததும் எழுதுங்கள். முதல் வாரம் இரண்டு மூன்றாகலாம், ஆகாமலும் போகலாம். நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதற்கு முன்னால் அக்காவுக்கு ஒரு போன். 'அக்கா, வண்டி வேடிக்கை அன்னைக்குக் கூட்டத்துல சரியாப் பேச முடியல. செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் வரேன், வீட்ல இருப்பீங்களா?' இவ்வளவு போதும். ஏன் முகம் கொடுக்கவில்லை என்று விசாரணை வேண்டாம், நான் மாறவில்லை என்ற விளக்கமும் வேண்டாம். அவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று தயங்குவீர்கள். அந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. விட்டுப்போன ஒருவரை நாம் கூப்பிட்டால் அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று பெக்கி லியூ என்ற ஆராய்ச்சியாளர் குழுவினர் அமெரிக்காவில் பல சோதனைகள் செய்து 2022-இல் காட்டினார்கள். எதிர்பாராத நேரத்தில் வருகிற அழைப்புக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. ஒருவேளை அக்கா சூடாகவே பேசினாலும், 'ஆமாக்கா, வராம இருந்தது தப்புதான்' என்று சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை போங்கள்.

புதுத் தெருவில் உடனே ஒரு சிநேகிதியைத் தேட வேண்டும் என்று இல்லை. நெருக்கம் வர நாளாகும். காய்கறி வண்டிக்காரர், எதிர்வீட்டில் கோலம் போடும் பெண், மூக்கனேரிப் பக்கம் காலையில் நடக்க வருகிறவர்கள் என்று இவர்களோடு தினம் இரண்டு வார்த்தை பேசினாலே மனசுக்கு நல்லது என்பதை 2014-இல் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் கனடாவில் செய்த ஆய்வில் பார்த்தார்கள். பையனோடு ராத்திரி வீடியோ கால் 'சாப்பிட்டியா, சாப்பிட்டேன்' என்று ஒரு நிமிஷத்தில் முடிகிறது என்றால், ஞாயிற்றுக்கிழமை அவன் சமைக்கும்போது கூப்பிடச் சொல்லுங்கள். ரசத்துக்கு எப்போது புளி கரைப்பது என்று சொல்லிக்கொடுங்கள். பெரிய பேச்செல்லாம் அந்தப் புளியில்தான் தொடங்கும்.

நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தோன்றுவதால் சொல்கிறேன். இங்கே ஒரு தடை வரலாம். 'சொந்த வீடு கட்டின பிறகு தெருவில் உட்கார்ந்து சலங்கை மாட்டணுமா, நாலு பேர் என்ன சொல்வாங்க' என்று வீட்டில் ஒரு பேச்சு வரும். ஐயா, நீங்கள் பட்டறை நடத்துகிறவர், தொழிலில் உங்களுக்கு எத்தனை பேர் பழக்கம், ஒரு நாளைக்கு எத்தனை பேரோடு பேசுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மனைவிக்கு அந்தச் சந்துதான் அப்படி இருந்தது. வீடு மாறினாலும் உங்கள் பட்டறை மாறவில்லை, அவருடையது மட்டும் மூடப்பட்டுவிட்டது. ஏற்காட்டுக்கு அழைத்துப்போன அதே அக்கறையோடு செவ்வாய்க்கிழமை குகையில் இறக்கிவிட்டால் போதும். 'சந்தோஷமா இரு' என்று சொல்லாதீர்கள், அவரால் முடிந்திருந்தால் இருந்திருப்பார்.

எங்கே போவது? சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போவதானாலும் மனநல மருத்துவராகப் பார்த்துப் போங்கள். என்னைப் போன்ற உளவியலாளர்கள் பேச்சு வழியாகத்தான் சிகிச்சை தருவோம், மருந்து எழுத முடியாது. உங்கள் நிலைமையில் மருந்து வேண்டுமா என்று முதலில் ஒரு மருத்துவர் பார்ப்பது நல்லது. எழுதிக் கொடுத்தால், அது தூக்க மாத்திரை மாதிரி பழகிவிடும் என்று பயப்பட வேண்டாம். மனச்சோர்வு மருந்துகளுக்கு அடிமையாகிற ஆபத்து இல்லை. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஆகும். முதல் சில நாள் வயிற்றுப் புரட்டலோ தலைவலியோ வரலாம், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். மனசு தேறியதும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மருந்து தொடங்கிய பிறகு அந்தக் கெட்ட எண்ணம் கூடினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

போகும்போது பழைய ஈ.சி.ஜி. ரிப்போர்ட்டையும் ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்துப்போங்கள். அங்கே உட்கார்ந்ததும் நெஞ்சடைப்பில் தொடங்கிப் பேச்சு முழுக்க நெஞ்சிலேயே முடிந்துவிடும், அதனால் எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கக் கொடுங்கள். கணவரும் கூட வரட்டும். முதல் பத்து நிமிஷம் மட்டும் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் தனியாகப் பேசுங்கள்.